அக்காவோட மாசச் சம்பளத்தை யார் கொடுக்கறது?



இந்த வாரம் ஃபண்ட் இல்லை, எஸ்ஐபி இல்லை, "அடுத்த 10 வருஷத்துல 1 கோடி" கணக்கும் இல்லை. "மாசா மாசம் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பணும்?" என்ற வீடியோவுக்கு வந்த கமென்ட்ல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, அப்பாவுக்கு ஞாபக மறதி நோய். ஊர்ல அக்கா பார்த்துக்கறாங்க. நான் 8,000 அனுப்பறேன். போதுமா?"

அந்த கமென்ட்டுக்கு ரெண்டு நாள் பதில் போட முடியலை. ஏன்னா ரெண்டு வருஷம் நானும் அதே ஆள்தான். என் பட்ஜெட் ஷீட்ல "வீடு - 10,000" என்று ஒரு வரி இருக்கும். 1-ம் தேதி அனுப்புவேன், பச்சை டிக் போடுவேன், அடுத்த வரிக்குப் போயிடுவேன்.

அந்த டிக் எவ்வளவு பெரிய பொய் என்று எனக்குப் புரிஞ்ச கதையைத்தான் இன்னிக்கு சொல்லப்போறேன். எங்க வீட்டுக் கதை. அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.

யாரும் எடுக்காத முடிவு

எங்க ஊர் ராஜபாளையம். அப்பா 31 வருஷம் மில்லுல வேலை பார்த்தவர். பிஎஃப் பென்ஷன் மாசம் 2,340 ரூபாய். அண்ணன் ஓசூர்ல மொபைல் கடை வெச்சிருக்கார், கடைக்கு லோன் ஓடுது. நான் சென்னையில ஐடி. அக்கா அதே ஊர்ல, ஒரு தனியார் பள்ளியில டீச்சர், சம்பளம் 22,000.

2022 நவம்பர்ல அம்மா தவறிட்டாங்க. மாரடைப்பு. காலையில காபி போட்டுட்டு இருந்தவங்க மதியம் இல்லை.

16-ம் நாள் காரியத்துக்குள்ளேயே எங்களுக்கு இன்னொரு விஷயம் தெரிஞ்சுபோச்சு. அப்பா சரியா இல்லை. வந்தவங்களை "யாரு?" என்று கேட்டார். சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து "சாப்பாடு போடலையா?" என்றார். பிறகு யோசிச்சுப் பார்த்தா, ரெண்டு வருஷமா போன் பேசும்போதெல்லாம் அம்மாதான் பேசுவாங்க. "அப்பா தூங்கறார்டா", "அப்பா கடைக்குப் போயிருக்கார்டா". அம்மா எங்க மூணு பேர்கிட்டேயும் மறைச்சிருந்தாங்க. அவரோட மறதி மேல ஒரு போர்வை மாதிரி இருந்தாங்க. அம்மா போனதும் போர்வையும் போயிடுச்சு.

அப்பாவை யார் பார்த்துக்கறது என்று நாங்க உட்கார்ந்து பேசவே இல்லை. எனக்கு லீவு முடிஞ்சது, பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். அண்ணனுக்குக் கடை. அக்கா பக்கத்துத் தெரு. அவ்வளவுதான். காலையிலும் ராத்திரியிலும் அக்கா சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துட்டு ஸ்கூலுக்குப் போனாங்க.

2023 ஜனவரியில ஒரு நாள் விடிகாலை 5 மணிக்கு அப்பா மில் கேட்டுல நின்னுட்டு இருந்தார். முதல் ஷிஃப்டுக்கு வந்திருக்கேன் என்று வாட்ச்மேன்கிட்ட சொல்லியிருக்கார். ரிடையர் ஆகி 9 வருஷம் ஆச்சு. அன்னிக்கே அக்கா அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அந்த மாசமே வேலையை விட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் போன் பண்ணி சொன்னாங்க. நான் சொன்னது: "சரிக்கா, நீ இருக்கறதால எங்களுக்கு நிம்மதி."

நல்லா கவனிங்க. என் நிம்மதிக்கு விலை 22,000 ரூபாய். அதைக் கட்டினது அக்கா.

துக்கம் கணக்கா மாறும்போது

அப்பா தினமும் கேட்பார்: "அம்மா எங்க?"

முதல்ல அக்கா உண்மையைச் சொன்னாங்க. அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே அழுவார். பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கேட்பார். ஒரு கட்டத்துல அக்கா "மார்க்கெட் போயிருக்காங்கப்பா, வந்துடுவாங்க" என்று சொல்ல ஆரம்பிச்சாங்க. அவரும் அமைதியா திண்ணையில உட்கார்ந்திருப்பார்.

இதுக்கு அண்ணன் சண்டை போட்டார். "செத்துப்போன அம்மாவைப் பத்தி பொய் சொல்றியா?" என்றார். இன்னொரு நாள் இன்னும் மோசம்: "நீ பக்கத்துலதானே இருந்த, அம்மாவுக்கு நெஞ்சு வலின்னு உனக்குத் தெரியலையா?" அந்த ஒரு கேள்விக்கு அப்புறம் ரெண்டு பேரும் நாலு மாசம் பேசிக்கலை.

நான் என்ன பண்ணேன்? ஊருக்குப் போறதைக் குறைச்சேன். லீவு கிடைக்கலை, ரிலீஸ் இருக்கு என்று சொன்னேன். உண்மையில எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க பயம். அப்பா என்னைப் பார்த்து "அம்மா எங்கடா?" என்று கேட்டா என்ன சொல்றது? பணம் அனுப்பறது எனக்கு வசதியா இருந்தது. ஜிபேல கேள்வி வராது.

2025 பொங்கலுக்குப் போனேன். அப்பாவோட பாஸ்புக் ரெண்டு வருஷமா என்ட்ரி போடாம இருந்தது, போட்டுட்டு வந்தேன். 2022 டிசம்பர்ல நாலு தடவை, தலா 10,000 ஏடிஎம்ல எடுத்திருக்கு. மொத்தம் 40,000.

பணத்தைப் பத்தி ஊருக்கே பாடம் எடுக்கறவன் இல்லையா நான்? அக்காகிட்ட கேட்டேன்: "இந்த 40,000-க்குக் கணக்கு என்னக்கா?"

அக்கா பதில் பேசலை. உள்ளே போனாங்க. ஒரு 80 பக்க நோட்டை எடுத்துட்டு வந்து என் மடியில வெச்சுட்டு, அப்பாவுக்கு டயாப்பர் மாத்தப் போயிட்டாங்க.

அம்மாவோட பால் கணக்கு நோட்டு அது. முதல் 20 பக்கம் அம்மா கையெழுத்து. அதுக்கு அப்புறம் அக்கா கையெழுத்து. ரெண்டு வருஷம், ஒரு நாள் விடாம. ஒரு சராசரி மாசம் இப்படி இருந்தது:

- மருந்து: 2,900
- டயாப்பர், ஒரு நாளைக்கு 3: 3,600
- காலையில குளிப்பாட்ட உதவிக்கு வர்றவங்களுக்கு: 5,000
- சாப்பாடு, பால், பழம், சத்துமாவு: 4,600
- ஆட்டோ, கரண்ட், ரப்பர் ஷீட், சோப்பு: 1,900

மொத்தம் 18,000. வரவு: என் 10,000, அண்ணனோட 5,000, பென்ஷன் 2,340. ஆக 17,340. மாசம் 660 துண்டு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக கார் செலவு 4,000, அதுவும் தனி. இது ரெண்டுக்கும் எதிர்ல ஒரே ஒரு எழுத்து: "அ". அத்தான் கொடுத்ததுன்னு அர்த்தம். எங்களுக்கு ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

அந்த 40,000? பாஸ்புக்கைக் காட்டின பிறகுதான் அக்காவுக்கே தெரியும். அப்பா தனியா இருந்த மாசத்துல அவரே எடுத்திருக்கார். பழைய வீட்டுப் பீரோவுல, மடிச்ச வேட்டிகளுக்கு நடுவுல 18,500 கிடைச்சது. மீதி எங்கே என்று இன்னிக்கும் தெரியாது. தெரியவும் போறதில்லை.

அந்த நோட்டுல நான் தேடாத ஒண்ணு அன்னிக்கு ராத்திரி கண்ணுல பட்டது. டயாப்பர் இருக்கு, சோப்பு இருக்கு, ஆட்டோ இருக்கு. அக்கா இல்லை. ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கறவங்களுக்கு அதுல ஒரு ரூபாய்கூட எழுதலை.

வாங்க, அந்த வரியை எழுதுவோம்

சம்பளம் 22,000. 24 மாசம். 5,28,000 ரூபாய். இன்க்ரிமென்ட் சேர்க்கலை.

இன்னொண்ணு, இது பலருக்குத் தெரியாது. பிஎஃப்ல இருக்கற பென்ஷன் திட்டம், அதாவது இபிஎஸ், மாச பென்ஷன் கொடுக்க குறைஞ்சது 10 வருஷம் சர்வீஸ் வேணும். அக்கா வேலை பார்த்தது 8 வருஷம். ரெண்டு வருஷத்துல தவறிப்போச்சு. அதாவது அப்பாவைப் பார்த்துக்கிட்ட அதே ரெண்டு வருஷம்.

சரி, அக்கா இடத்துல ஒரு ஆளை வெச்சா என்ன ஆகும்? எங்க பக்கத்துல நான் விசாரிச்சப்போ, வீட்டோட தங்கி 24 மணி நேரமும் பார்த்துக்க மாசம் 26,000 கேட்டாங்க. சாப்பாடு நம்ம பொறுப்பு. மாசம் ரெண்டு நாள் லீவு.

அக்காவுக்கு அந்த ரெண்டு நாள் லீவும் கிடையாது.

இங்கேதான் என் கருத்து. இதுல சிலருக்கு என் மேல கோபம் வரும், பரவாயில்லை. பெற்றோரைப் பார்த்துக்கறதுக்காக ஒருத்தர் வேலையை விட்டா, மத்த பிள்ளைங்க அவங்களுக்கு மாசச் சம்பளம் கொடுக்கணும். செலவுக்கு அனுப்பறது வேற, இது வேற. தனியா, 1-ம் தேதி, அவங்க பேர்ல இருக்கற சொந்த அக்கவுன்ட்டுக்கு.

"அன்புக்கு விலை போடறீங்களா?"

இதை வீடியோவுல சொன்னா முதல் கமென்ட் இதுவாதான் இருக்கும். எனக்கு முதல்ல இதைச் சொன்னது அக்காதான். "அப்பாவைப் பார்த்துக்க நான் கூலி வாங்கணுமா?" என்று கேட்டாங்க. முதல் ரெண்டு மாசம் நான் போட்ட பணத்தை அதே நாள் திருப்பி அனுப்பிட்டாங்க.

நான் அவங்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். விலை ஏற்கனவே கட்டியாச்சு. கட்டினது ஒரே ஆள். அதை மூணா பிரிக்கிறோம், அவ்வளவுதான். நீங்க வாங்கலைன்னா அது அன்புன்னு ஆகும், நாங்க கொடுக்கலைன்னா அது என்ன ஆகும்?

சொத்துல பாருங்க. அப்பா சம்பாதிச்சுக் கட்டின வீடு. உயில் இல்லை. இனிமே எழுதவும் முடியாது, ஏன்னா உயில் எழுதும்போது மனசு தெளிவா இருக்கணும். நாளைக்கு அந்த வீடு மூணு பேருக்கும் சம பங்கு. சட்டப்படி சரிதான். பங்கு சமமா வரும்போது ரெண்டு வருஷ பாரம் மட்டும் ஒருத்தர் தலையில இருந்தது என்று அந்தப் பத்திரத்துல எங்கேயும் இருக்காது. அந்த நேரத்துல அக்கா வாயைத் திறந்து கேட்டா "சொத்துக்கு ஆசைப்படறா" என்று ஒரு பேர் வரும். அதனாலதான் சொல்றேன், இதை இப்பவே, மாசா மாசம் தீர்த்துடணும்.

நாங்க அந்தப் பொங்கலுக்கு அடுத்த மாசம் மூணு பேரும் உட்கார்ந்து ஒரு பேப்பர்ல எழுதினோம். அண்ணன் அன்னிக்கு முதல்ல அக்காகிட்ட மன்னிப்பு கேட்டார். நானும். அதுக்கு அப்புறம்தான் நம்பர்.

செலவு 18,000. பென்ஷனைக் கழிச்சா 15,660. அக்காவுக்கு 15,000. மொத்தம் கிட்டத்தட்ட 30,700. சரிபாதி போடலை. என் வருமானம் அதிகம், அண்ணனுக்கு லோன் இருக்கு. அதனால 70-30. நான் 21,500, அண்ணன் 9,200. மதுரை போகற கார் செலவை நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்துக்கறோம். அத்தான் பேருக்கு எதிர்ல இனி எதுவும் எழுதக் கூடாது என்று நோட்டுலேயே எழுதி வெச்சோம்.

என் பங்கு 10,000-லேருந்து 21,500 ஆச்சு. எஸ்ஐபி 25,000-லேருந்து 13,500-க்கு இறங்கிச்சு. "என்ன ஆனாலும் எஸ்ஐபியைக் குறைக்காதீங்க" என்று உங்களுக்கு எத்தனை வீடியோவுல சொல்லியிருக்கேன்! அதை இப்போ திருத்திக்கறேன். சில காரணத்துக்குக் குறைக்கலாம். என் ரிடையர்மென்ட் கொஞ்சம் தள்ளிப்போகும். அக்காவோட ரிடையர்மென்ட்டைத் தின்னுட்டு என்னோடதை வளர்த்துட்டு இருந்தேன், இப்போ அது நின்னிருக்கு.

பணத்தோட இன்னொரு விதியும் போட்டோம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை நானோ அண்ணனோ ஒரு வாரம் அங்கே போய் அப்பாவைப் பார்த்துக்கணும். அந்த வாரம் அக்கா அந்த வீட்டுல இருக்கக் கூடாது.

பேங்க்ல நாங்க மாட்டின இடம்

இது உங்க எல்லார் வீட்டுலேயும் இருக்கற பிரச்சினை, அதனால கவனமா படிங்க.

அப்பா, அம்மா பேர்ல ஜாயின்ட்டா 6 லட்சம் எஃப்டி இருக்கு. "ஐதர் ஆர் சர்வைவர்", அதாவது ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் எடுக்கலாம், ஒருத்தர் போயிட்டா மத்தவர் எடுக்கலாம். எல்லாரும் இதைத்தான் பாதுகாப்புன்னு நினைக்கறோம். போனது அம்மா. இருக்கறவர் அப்பா. பேங்க்ல ஃபார்ம் கொடுத்து கையெழுத்து கேட்டப்போ, அப்பா பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, அம்மா பேரை எழுதினார்.

மேனேஜர் நல்ல மனுஷர். ஃபார்மை மெதுவா வாங்கி வெச்சுட்டு, "கோர்ட் கார்டியன் ஆர்டர் இல்லாம என்னால முடியாது தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். அப்பாவோட பணம் அப்பாவுக்கே உதவாம அங்கே இருக்கு.

வெளியே வந்தா ஒருத்தர் "ஒரு பவர் எழுதிடலாம் சார், கைநாட்டு போதும்" என்றார். தயவுசெஞ்சு இந்த வலையில விழாதீங்க. பவர் எழுதிக் கொடுக்கறவருக்கு என்ன எழுதறோம் என்று புரியணும். முன்னாடியே எழுதின சாதாரண பவரா இருந்தாலும், எழுதினவர் மனநிலை தெளிவை இழந்தா அது செல்லாது. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், 201-வது பிரிவு. "பவர் இருக்கு, கவலை இல்லை" என்று இருக்கற குடும்பங்களுக்கு, பவர் தேவைப்படற அன்னிக்கே அது போயிடும்.

கோர்ட்டுக்குப் போனா? 1999-ம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல கார்டியன் நியமிக்க வழி இருக்கு, ஆனா அது ஆட்டிசம், பெருமூளை வாதம் மாதிரி குறிப்பிட்ட சில குறைபாடுகளுக்கு. 2017-ம் வருட மனநலச் சட்டம் சிகிச்சையைப் பத்தினது, சொத்து நிர்வாகத்தைப் பத்தினது இல்லை. அதனால பல குடும்பங்கள் ரிட் மனுவோட உயர் நீதிமன்றத்துக்குப் போறாங்க. கோமாவுல இருந்த கணவரோட சொத்தை, அவர் சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் பயன்படுத்த மனைவிக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல அனுமதி கொடுத்திருக்கு. வழி இருக்கு, ஆனா வக்கீல் ஃபீஸும் பொறுமையும் வேணும். நாங்க இப்போதான் அதுக்கான பேப்பரைச் சேர்த்துட்டு இருக்கோம்.

உங்க அப்பா அம்மா நல்லா இருக்கும்போதே செய்ய வேண்டியது

இந்தியாவுல 60 வயசைத் தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல வெளியான ஒரு தேசிய ஆய்வு சொல்லுது. உங்க ஆபீஸ்ல உங்க டீமை மட்டும் எடுத்துக்கிட்டாலும், யாராவது ஒருத்தர் வீட்டுல இது இருக்க வாய்ப்பு இருக்கு. அதனால:

1. "வயசாச்சுல்ல" என்று விடாதீங்க. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கறது, தெரிஞ்ச தெருவுல வழி தப்பறது, பணத்தை எண்ண முடியாம போறது, இதெல்லாம் இருந்தா டாக்டரைப் பாருங்க. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இதெல்லாம்கூட மறதி மாதிரி தெரியும், அதுக்கு சிகிச்சை இருக்கு. துணையை இழந்தவங்களுக்கு வர்ற மறதி வெறும் சோகம் என்று நீங்களே முடிவு பண்ணிடாதீங்க, டிமென்ஷியா என்றும் முடிவு பண்ணிடாதீங்க.

2. மூணாவது பேர். அப்பா அம்மா ஜாயின்ட் அக்கவுன்ட்ல நம்பிக்கையான ஒரு பிள்ளையை மூணாவது ஆளா சேர்க்க முடியுமா என்று பேங்க்ல கேளுங்க. அதை மத்த பிள்ளைங்களுக்குத் தெரியப்படுத்தியே செய்யுங்க. நாமினி இருக்கே என்பீங்க. 2025 நவம்பர் 1-லேருந்து டெபாசிட்டுக்கு நாலு நாமினி வரைக்கும் போடலாம், நல்லதுதான். ஆனா நாமினிக்கு வேலை வர்றது அக்கவுன்ட்காரர் இறந்த பிறகு. உயிரோட இருந்து கையெழுத்து போட முடியாதவருக்கு நாமினியால பயன் இல்லை.

3. ஏடிஎம் பின் நம்பரை நம்பி இருக்காதீங்க. அப்பா கார்டுல பென்ஷன் எடுத்துட்டு இருக்கற வீடு எத்தனை! கார்டு காலாவதி ஆகற அன்னிக்கு, இல்லைன்னா கேஒய்சி புதுப்பிக்கச் சொல்ற அன்னிக்கு அது நிக்கும். பென்ஷனுக்கு வருஷா வருஷம் லைஃப் சர்டிபிகேட் வேணும். முகத்தை வெச்சே போன்ல கொடுக்கற வசதி ஜீவன் பிரமாண்ல இருக்கு, வீட்டுலேருந்தே பண்ணுங்க.

4. உயில். அபசகுனம் இல்லை. ரெண்டு சாட்சி கையெழுத்து போதும், ரிஜிஸ்டர் பண்றது கட்டாயம் இல்லை, பண்ணா நல்லது. நோய் ஆரம்ப நிலையில இருந்தா, அன்னிக்கு மனநிலை தெளிவா இருந்தது என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வெச்சா பின்னாடி சண்டை குறையும்.

5. வேலையை விடறவங்க பிஎஃப்பைத் துடைச்சு எடுக்க வேண்டாம். 10 வருஷம் ஆகலைன்னா, பென்ஷன் பகுதியைப் பணமா வாங்காம 10சி ஃபார்ம்ல ஸ்கீம் சர்டிபிகேட் கேட்கலாம். பின்னாடி மறுபடி வேலைக்குப் போனா பழைய சர்வீஸ் சேரும். எங்க அக்கா நல்லவேளை இன்னும் எடுக்கலை. இந்த ஒண்ணுலதான் நான் அவங்களுக்கு உருப்படியா உதவினேன்.

6. வரி. கூடப்பிறந்தவங்களுக்குக் கொடுக்கற பணம் அவங்க கையில வரிக்கு உட்பட்ட வருமானம் ஆகாது. அது கிஃப்ட். நீங்க பழைய வரி முறையில இருந்தா, சார்ந்திருக்கற பெற்றோருக்கு டிமென்ஷியா 40 சதவீதமோ அதுக்கு மேலேயோ பாதிப்புன்னு சான்று இருந்தா, சிகிச்சைச் செலவுக்கு மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம் வரை கழிவு உண்டு. 1961-ம் வருட சட்டத்துல 80டிடிபி. 2026 ஏப்ரல்லேருந்து புது வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறியிருக்கு, ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க. புது வரி முறையில இந்தக் கழிவு கிடையாது.

7. ஹெல்த் இன்ஷூரன்ஸ் இருக்கு, போதும் என்று நினைக்காதீங்க. மேல இருக்கற 18,000-ஐ மறுபடி பாருங்க. அதுல ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகற செலவு எதுவும் இல்லை. வழக்கமான பாலிசி டயாப்பருக்கும் வீட்டு ஆளுக்கும் பணம் தராது. இந்த நோயில பெரும்பாலான செலவு வீட்டுலதான், அதுவும் பல வருஷத்துக்கு. எமர்ஜென்சி ஃபண்டை அதை மனசுல வெச்சு கட்டுங்க.

உதவிக்கு: மூத்த குடிமக்களுக்கான எல்டர்லைன் 14567. பார்த்துக்கறவங்க மனசு உடையும்போது பேச டெலி மானஸ் 14416. சென்னையில ஸ்கார்ஃப் அமைப்புல டிமென்ஷியா பராமரிப்பு இருக்கு. அல்சைமர்ஸ் அமைப்பான ஏஆர்டிஎஸ்ஐ பல ஊர்கள்ல இயங்குது.

"எனக்கே 28,000-தான் சம்பளம் அண்ணா"

தெரியும். ரூம் வாடகை, எஜுகேஷன் லோன், மீதி என்ன இருக்கும்? உங்களை 15,000 கொடுங்க என்று சொல்லலை. உங்களால முடிஞ்சது 2,000 என்றா, அதை "அப்பா செலவு" என்று அனுப்பாம "அக்காவுக்கு" என்று எழுதி அனுப்புங்க. பணமே இல்லைன்னா நாளைக் கொடுங்க. மூணு நாள் லீவு போட்டு போய் டயாப்பர் மாத்துங்க, ராத்திரி எழுந்திருங்க, மருந்து கொடுங்க. முடியாத பாக்கியை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சு, சம்பளம் ஏறும்போது கொடுங்க. எழுதி வெச்ச கடன் குடும்பத்தை உடைக்காது. யாருமே பேசாம மனசுக்குள்ள ஏறிட்டு இருக்கற கடன்தான் உடைக்கும்.

இதைப் படிக்கற நீங்களே அந்த அக்காவா இருந்தா, அல்லது அந்த வீட்டு மருமகளா, வேலையை விட்ட கடைசித் தம்பியா இருந்தா, ஒரு நோட்டு போடுங்க. அதுல உங்க பேரையும் ஒரு வரியா எழுதுங்க. கேட்கறது தப்பு இல்லை.

கமென்ட் போட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: 8,000 போதுமா என்று என்னைக் கேட்காதீங்க. இன்னிக்கு ராத்திரி அக்காவுக்கு போன் பண்ணுங்க. அப்பா எப்படி இருக்கார் என்று வழக்கம்போல ஆரம்பிக்காதீங்க. "நீ எப்படி இருக்கே? நேத்து ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று கேளுங்க. பதில் வர நேரம் ஆகும். போனை வெச்சுடாதீங்க.

எங்க அக்கா இப்போ பணத்தைத் திருப்பி அனுப்பறதில்லை. மாசம் 5,000 தன் பேர்ல பிபிஎஃப்ல போடறாங்க. நான் கேட்காம அவங்களா சொன்னது இது.

அடுத்த வாரம் என் முறை. அக்காவும் அத்தானும் பொண்ணைக் கூட்டிட்டு திருச்செந்தூர் போறாங்க, மூணு வருஷத்துல முதல் பயணம். நான் வெள்ளிக்கிழமை பொதிகை ஏறறேன். சனிக்கிழமை காலையில அப்பா கேட்பார், அம்மா எங்கடான்னு. மார்க்கெட் போயிருக்காங்கப்பா, வந்துடுவாங்க என்று சொல்லிட்டு, அவர் பக்கத்துல திண்ணையில உட்காரணும்.

அதனால அடுத்த வாரம் வீடியோ வராது நண்பர்களே. அதுக்கு அடுத்த வாரம் சந்திப்போம்.